கூலன்ட் குடித்த கரியன்

நாக்கண்ணன் என்று சொன்னால்தான் பட்டறையில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். வண்டிக்கு அடியில் ஈரத்தைக் கண்டால் போதும், விரலால் தொட்டு நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். சப்பென்று இருந்தால் ஏசி தண்ணீர். இனித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், ரேடியேட்டரில் ஓட்டை. தூ என்று துப்பிவிட்டு வேலையில் இறங்குவார்.

கூலன்ட் லேசுப்பட்ட சாமான் இல்லை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தண்ணீரோடு கலந்துவிட்டால், கடுங்குளிரில் இன்ஜினுக்குள் தண்ணீரை உறையவிடாது; கொளுத்தும் வெயிலில் சட்டென்று கொதிக்கவும் விடாது. இத்தனை நல்ல குணம் இருந்து என்ன, பாழாய்ப்போன இனிப்பும் கூடவே இருக்கிறதே! விஷமென்றால் கசந்து தொலைக்க வேண்டாமா?

"இந்த நாக்குதான் ஒருநாள் உங்களுக்கு எமன்" என்பாள் மனைவி.

"குடியையே விட்டவன், இந்தத் துளிக்கா போயிடுவேன்?" என்பார் இவர். குடியை விடவைத்தவளும் அவள்தான். அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பட்டறை நாய் கரியன் அவருடைய நிழல். குழந்தையில்லாத அந்த வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டு டப்பாவில் கரியனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் வண்டிக்கு அடியில் படுத்தால் அதுவும் படுக்கும். அவர் தொட்டு நக்கிய இடத்தை அதுவும் போய் முகர்ந்து பார்க்கும். "தொழில் பழகுறான்" என்று பெருமை வேறு பேசுவார்.

அன்று மத்தியானம் பழைய கூலன்டைத் தட்டில் வடித்தவர், மூடிவைக்காமல் போன் பேசப் போனார். திரும்பி வந்தால் கரியன் கால் பின்னப் பின்ன நடக்கிறது.

"அண்ணே, உங்க ஆளு தண்ணி போட்டுட்டான்!" என்று வெல்டர் கத்த, பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம்தான் கரியனின் மூக்கு நுனியில் பச்சையாக மின்னிய கூலன்ட் ஈரம் கண்ணில் பட்டது. நாயைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"உடனே தூக்கிட்டு வந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார் டாக்டரம்மா. "கூலன்டை ஈரல் வேற விஷமா மாத்தும். அது கிட்னியை அடைச்சிடும். மாத்தவிடாம தடுக்க அளவா சாராயம் ஏத்தணும். சாராயம் வந்தா ஈரல் அதைத்தான் முதல்ல கவனிக்கும். வீட்ல யாரும் இதைச் செஞ்சு பாக்கக் கூடாது, அளவு தப்பினா அதுவே கொன்னுடும். இனி இவன் ஒண்ணுக்குப் போகணும். போனாத்தான் நம்பிக்கை."

சேதி கேட்டு மனைவி அலறியடித்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் கால் வைத்ததும் அவள் மூக்கு விடைத்தது. நேரே புருஷனிடம் போய் வாயை முகர்ந்தாள்.

"நான் இல்லம்மா, அவன்" என்றார் பாவமாக.

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்க, நாக்கு தொங்கக் கிடந்தது கரியன். அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உங்களைப் பாத்துத்தாங்க இவன் கத்துக்கிட்டான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைக் கேட்டதும் அந்த மனுஷன் சுவரோரம் திரும்பி நின்று விக்கி விக்கி அழுதார். "இனிமே தொட்டு நக்க மாட்டேன். இவன் மேல சத்தியம்" என்றார்.

"அவன் மேல சத்தியம் பண்ணாதீங்க. அவனே இழுத்துக்கிட்டுக் கிடக்கான்."

சாயங்காலமானது. கரியன் அசையவில்லை. விடிந்தது. டாக்டரம்மா வந்து அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மனைவி மடியை விலக்காமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவள் சேலை சூடாக நனைந்தது.

"டாக்டரம்மா! போயிட்டான்... ஐயையோ, அப்படிப் போகல, ஒண்ணுக்குப் போயிட்டான்!" என்று நாக்கண்ணன் வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்துல நீங்க குடிச்சிட்டு வந்து இதே மாதிரி என் சேலையை நனைப்பீங்க. எத்தனை நாள் அழுதுகிட்டே துவைச்சிருக்கேன்" என்றாள். "இன்னிக்கு இதைத் துவைக்கவே மனசு வரலீங்க."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கரியன் ஒரு கண்ணைத் திறந்து, நீட்டிய அவர் விரலை முகர்ந்தது.

"நக்காதடா" என்றார்.