கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு லேடீஸ் சைக்கிள்

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் அடுக்கியிருந்த துணி ரோல்கள் சரிந்து என் வலது முழங்காலில் விழுந்தன. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அதன்பிறகு, வீரபாண்டியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஒற்றை அறையில் மாதக்கணக்கில் கிடந்தேன். மேலே சிமென்ட் ஷீட். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைக் கையால் தொடலாம். கரண்ட் போய்விட்டால் விசிறியும் கிடையாது. அந்த வருடங்களில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். நான் விழுந்ததும் என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் ஓடுவாள். சற்று நேரத்தில் காம்பவுண்டில் எல்லா வீடுகளும் பூட்டிக்கொள்ளும். பொதுக் குழாயில் சொட்டும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். கக்கூஸ் காம்பவுண்டின் அந்தக் கோடியில் இருந்தது. வாக்கரை ஊன்றி அதுவரை போய் வருவதுதான் என் பயணம்.

அந்த வழியில்தான் சைக்கிளைப் பார்த்தேன். கக்கூஸ் சுவரில் சாய்ந்து, பின்சக்கரம் இல்லாமல், செயின் துருவேறி இறுகி நின்றது. கனத்த இரும்பில் செய்த பழைய லேடீஸ் சைக்கிள். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

“அது என்ற சைக்கிள்தானுங்க. டீச்சர் ட்ரெய்னிங் போறப்ப ஓட்டுனது. கண்ணாலத்தோட நின்னு போச்சு. இரும்புக்காரனுக்குப் போட்டரலாம்னு இருக்கறனுங்க.”

“நான் எடுத்துக்கிடட்டுமாம்மா?”

“ஏனுங்க தம்பி, இந்தக் காலை வெச்சுட்டு அதை என்னங்க பண்ணப் போறீங்க?”

எனக்கே தெரியவில்லை. சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மட்டும் தெரிந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சைக்கிளைப் படுக்கப் போட்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். நட்டு ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மனைவி கம்பெனியிலிருந்து கொண்டுவரும் பனியன் வேஸ்டால் துடைத்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்தேன். தேவையானதைச் சொல்லி அனுப்புவேன். வேன் இறக்கிவிடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக்கடை இருந்தது. அவள் அங்கே குவியலைக் கிளறி எடுத்து வருவாள். பின்சக்கரம் ஏதோ பால்காரர் சைக்கிளில் இருந்து வந்தது. பெடல்களில் ஒன்று ரப்பர், மற்றது வெறும் இரும்பு.

“கட்டில விட்டு இறங்க இடமில்ல. ஹேண்டில் பாரு இடுப்புல குத்துது. இன்னும் எத்தன நாளைக்கு?” என்றாள் ஒருநாள்.

“இந்தா, முடிஞ்சிரும்.”

சக்கரத்தின் கோட்டத்தை எடுப்பதற்குத்தான் அதிக நாள் ஆனது. ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுவேன். சாக்பீஸ் தொட்ட இடத்தில் கம்பியை முறுக்குவேன். சுற்றும்போது மனசுக்குள் நான் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். டாக்டர் முழங்கால் முழுதாக மடங்காது என்று சொல்லியிருந்தார். ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பெயின்ட் காய்ந்த சைக்கிளை வாசலில் நிறுத்தினோம். அன்று காம்பவுண்டில் எல்லோரும் இருந்தார்கள். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். வலது பெடல் பாதிவரை எழும்பியது. அதற்குமேல் முழங்கால் விடவில்லை. சீட்டை உயர்த்திப் பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை சுவரில் போய்ச் சாய்ந்தேன்.

மனைவி வந்து என் கையிலிருந்து ஹேண்டில் பாரை வாங்கினாள்.

“தள்ளுங்க. நான் பாக்குதேன்.”

சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். குழாயைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

“நீ சைக்கிள் ஓட்டுவியா?”

“பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதான போனேன். நீங்க கேட்டதில்ல.”

வீட்டுக்கார அம்மா சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் முதல் அவளுக்கு வேன் தேவைப்படவில்லை. சைக்கிளில் போனாள். அறையில் நன்றாகக் காலை நீட்ட இடம் கிடைத்தது. அந்த இடத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கழற்ற ஒன்றுமில்லை, தேய்க்க ஒன்றுமில்லை. அவள் திரும்பி வந்து, வழியில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே சமைப்பாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு, அவள் சூப்பர்வைசரிடம் பேசி, உட்கார்ந்தபடியே பீஸ் அடுக்கிக் கட்டும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாள். முதல் நாள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பெல்லை அடித்துக்கொண்டு தாண்டினாள்.

மேடு வந்ததும் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது.

“இறங்கட்டுமா?” என்றேன்.

“இறங்கி என்ன செய்யப் போறீங்க? உக்காருங்க.”

உட்கார்ந்திருந்தேன்.