தன் வீட்டுக் கதவைத் தட்டியவர்

ஆள் இருக்கும் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதற்கு ஒரு சத்தம் உண்டு. முதலில் தொலைக்காட்சி அடங்கும். பிறகு ஒரு கதிரையின் கால் தரையில் அரைபட்டுப் பாதியில் நிற்கும். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணின் தென்கிழக்கில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் அதைக் கேட்டுக்கொண்டு வாசல்களில் நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

நான் அப்போது மோர்மன், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபைக்காரன். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். இலங்கையின் வடக்கிலிருந்து வந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை, டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைகிறவன், முப்பத்துமூன்று வயது, எப்படி அங்கே போய் விழுந்தாய் என்று கேட்கிறார்கள். பதில் சின்னது. நான் வாடகைக்கு இருந்த அறையின் கதவை நான்கு மாதமாக ஒருவரும் தட்டவில்லை. ஒருநாள் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு அமெரிக்க இளைஞர்கள். என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்பே கதவை அகலத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான். சில வாரங்களில் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்கள். கோப்பியும் தேயிலையும் கூடாது என்றார்கள், விட்டேன். இலங்கையில் பிறந்தவன் தேத்தண்ணியை விடுவதென்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

நான் போன முதல் ஞாயிறு சபை நிரம்பி வழிந்தது. வழிபாட்டுக் கூடத்துக்கும் பின்னாலிருந்த விளையாட்டு மண்டபத்துக்கும் நடுவே ஒரு மடிப்புக் கதவு. சனம் கூடினால் அதை இழுத்து ஒதுக்கிவிட்டுக் கூடைப்பந்துக் கோடுகளின் மேல் கதிரை போடுவார்கள். நான் கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடத்தில் அந்த மடிப்புக் கதவு மூடியே கிடந்தது. பிறகு அதன் சில்லுகள் இறுகிவிட்டன. ஒருவரும் சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் காரணம் கேட்டிருக்கலாம். இவர்கள் மெல்ல, வெயிலில் நிறம் போகிற துணி மாதிரி, இல்லாமல் போனார்கள். இருந்தவர்களும் அப்படித்தான். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருப்பார்கள், உதடு அசையும், பியானோவின் சத்தம் மட்டும் கேட்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். அன்று பிரசங்கம் இல்லை. யாரை மனம் ஏவுகிறதோ அவர் எழும்பி, இது உண்மை என்று எனக்குத் தெரியும் என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதற்குப் போட்டி. இப்போது ஒருவரும் எழும்புவதில்லை. பசித்த வயிறுகள் இரைவது கேட்கும். சுவர் மணிக்கூட்டின் முள் நகர்வது கேட்கும். எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதி தாங்க முடியாமல் போகிற கணத்தில் ஒரே ஒரு ஆள் எழும்புவார். ஒவ்வொரு மாதமும் அவர்தான்.

அவர் திருகோணமலைப் பறங்கி, போர்த்துக்கீச வழிவந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது, பெரிய கைகள். ஒரு பண்டகசாலையில் வேலை. சபைக் கட்டடம் எழும்பியபோது செங்கல் வைத்தவர்களில் ஒருவர்; மேற்குச் சுவரில் தான் வைத்த வரிசையைத் தொட்டுக் காட்டுவார். அவரும் மனைவியும் வீட்டில் பேசியது தமிழ். நான் வந்தபிறகு அவருக்கு வெளியிலும் தமிழ் கிடைத்தது. சபை வழக்கப்படி நான் அவரை ‘பிரதர்’ என்பேன். அவர் என்னை ‘ஐசே’ என்பார்.

சபையில் இன்னொரு வழக்கம். ஒவ்வொரு குடும்பத்தையும் மாதம் ஒருமுறை இரண்டு ஆண்கள் போய்ப் பார்க்க வேண்டும். சுகம் விசாரித்து, வேதப் புத்தகத்தில் ஒரு பந்தி வாசித்து, செபம் சொல்லி எழும்ப வேண்டும். மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னிடம் கார் இருந்தது, அவரிடம் நம்பிக்கை இருந்தது. எங்களைச் சோடியாகப் போட்டார்கள்.

முதல் சனிக்கிழமையே, திறக்காத ஒரு வீட்டுக்கு நேரே, தாளில் நான் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதப்போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“ஐசே, நீர் உள்ளுக்கப் போய்ப் பாத்தனீரோ?”

“இல்லை பிரதர்.”

“பிறகென்ன? ‘கதவு திறக்கேல்ல’ எண்டு எழுதும். நாங்கள் கண்டது அவ்வளவுதானே.”

அப்படியே எழுதினேன். மாதத்துக்கு மாதம் அந்தச் சொல் தாளை நிறைத்தது. புற்றரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுழன்றுகொண்டிருக்கும். சின்னச் சைக்கிள் ஒன்று விழுந்து கிடக்கும், மேல் சில்லு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் தட்டுவோம். உள்ளே தொலைபேசி அடிக்கும், அடித்து ஓயும், எடுக்க ஆள் வராது. சன்னல் மறைப்பின் தகடுகளில் ஒன்று மட்டும் ஒரு விரலளவு தாழ்ந்து, பிறகு தன் இடத்துக்குப் போகும். ஒரு வீட்டில் நாய்கூடக் குரைக்காமல் இருக்கப் பழகியிருந்தது. கதவுக்குக் கீழே அதன் மூக்கு மட்டும் ஈரமாக வந்து எங்களை மணந்துவிட்டுப் போனது. அந்த வீட்டுக்காரரும் இவரும் ஒரே சாரத்தில் நின்று மேற்குச் சுவரைக் கட்டியவர்கள்.

“நாய்க்கு மட்டும் எங்களைப் பிடிச்சிருக்கு” என்றேன்.

“அதை மெம்பராச் சேர்ப்பம்” என்றார். சிரித்தோம். பட்டப்பகல், வெயில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சிரிப்பு எதிர்வீட்டில் பட்டுத் திரும்பி வந்தபோது எனக்கு முதுகு கூசியது.

வண்ணத் தொலைக்காட்சி வந்த வருடம் எங்கள் பட்டியல் மாறியது. புதிய தாளில் கடைசி விலாசத்தைப் பார்த்துவிட்டு, பிழையாக அடித்துவிட்டார்கள் என்றேன். அது அவருடைய சொந்த வீடு.

“பிழையில்லை ஐசே. அங்க போய்க்கொண்டிருந்த ரெண்டு பேரும் இப்ப வாறேல்லை. வேற ஆள் இல்லை.”

அவருடைய மனைவி சபைக்கு வருவதை நிறுத்தி ஏழெட்டு மாதமாகியிருந்தது. ஒரு முதல் ஞாயிறு அவர் மனைவி எழும்பி நின்றதை நானும் பார்த்தேன். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றார், உட்கார்ந்தார். அடுத்த கிழமை வரவில்லை.

“கோவமில்லை” என்றார் இவர், காரில். “சொல்லு வாயில வரேல்லையாம். அவ்வளவுதான் சொல்லுறா. வீட்டில இதைப் பற்றிக் கதைச்சா, ‘சாப்பிடுங்கோ, ஆறுது’ எண்டுவா. புருஷன் சொல்லி எடுபடேல்ல. வேற ஆளாப் போய்ச் சொல்லிப் பாப்பம்.”

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். மனைவி மறுபடி வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். மற்ற வீடுகள் எல்லாம் அந்தக் கடைசி வீட்டுக்கான ஒத்திகை என்று எனக்குப் பட ஆரம்பித்தது.

முதல் தடவை தட்டினோம். உள்ளே தையல் மெசின் நின்றது.

“ஆரது?”

“சபையில இருந்து.”

செருப்புச் சத்தம் வந்து நின்றது. பிறகு கதவுக்கு மிகக் கிட்ட: “சாவி உங்கட பொக்கெற்றுக்கதானே கிடக்கு.”

“சாவியோட வாறவன் வீட்டுக்காரன். நான் இப்ப வீட்டுக்காரனா வரேல்ல.”

“அப்ப வீட்டுக்காரன் வரேக்க சொல்லிவிடுறன், ஆரோ வந்தவை எண்டு.” மெசின் மறுபடி ஓடியது.

“பாத்தீரா வாயை?” என்றார் என்னிடம், பெருமையாக. தாளில் ‘கதவு திறக்கவில்லை’ என்று அவரே எழுதினார். அடுத்த மாதமும் அதே. அவர் பொக்கெற்றுக்குள் கை விட்டுச் சாவியைப் பிடித்தபடியே தட்டுவார். துணிக்குள்ளே அது கிலுங்குவது எனக்குக் கேட்கும்.

மூன்றாவது மாதம் வடக்குக் காற்று. பாலைவனத்திலிருந்து வருகிற அனல், மரங்களின் இலை எல்லாம் புரண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ஒருமுறைதான் தட்டினார். கதவு திறந்தது.

அக்கா நின்றார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவது, அவர் என்னைத் தம்பி என்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுக்கிற நீலச் சட்டை, சீவி முடித்த தலை.

“வாங்கோ பிரதர்” என்றார் கணவரிடம். என்னைப் பார்த்து, “நீங்களும் வாங்கோ பிரதர்.”

உள்ளே இருட்டாக, குளிராக இருந்தது. அவர் தன்னுடைய வழக்கமான கதிரைக்குப் போகக் கால் எடுத்தார். “இதில இருங்கோ” என்று அக்கா சோபாவைக் காட்டினார். விருந்தினர் இருக்கும் சோபா. இருந்தார். தட்டில் இரண்டு கிளாஸ் தண்ணீர் வந்தது.

“நீங்கள் எவடம், பிரதர்?”

அவர் என்னைப் பார்த்தார். பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். அக்காவின் முகத்தில் பகிடி இல்லை. புதிதாக வந்தவரிடம் காட்டுகிற மரியாதை மட்டும் இருந்தது.

“திருகோணமலை.”

“அப்பிடியே? நானும் அங்கதான். கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தனான்.”

அவர் கிளாசைக் கீழே வைத்தார். வழக்கப்படிதான் கேட்க வேண்டும். கேட்டார்: “வீட்டில எல்லாரும் சுகமோ?”

“சுகம். அவர்தான் சனிக்கிழமையில நிக்கிறேல்ல. சனத்தின்ர கதவு தட்டப் போயிடுவார்.” சுவரில் இருந்த கலியாணப் படத்தைக் காட்டினார். “அந்தா, அதுதான் அவர். நல்ல மனுசன். ஆனா சரியான தூரம்.”

இவர் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், முன்பின் தெரியாத ஒருவனுடைய படத்தைப் பார்ப்பது மாதிரித்தான் பார்த்தார். எனக்கு அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருப்பதுபோல இருந்தது. அலுமாரிக்கு மேல் அவருடைய வாசிப்புக் கண்ணாடி கிடந்தது. அவர் எட்டி அதை எடுக்கவில்லை. புத்தகத்தைத் தூரத்தில் பிடித்து, தடுக்கித் தடுக்கி வாசித்தார். செபம் சொன்னார். அக்கா ஆமென் சொன்னார், தெளிவாக.

வாசலில் கை கொடுத்தார். “அடுத்த மாதமும் வாங்கோ பிரதர். நீங்கள் வந்தால் ஆறுதல். எனக்கு வீட்டில கதைக்க ஆளில்லை.”

கதவு சாத்தப்பட்டது. உள்தாழ்ப்பாள் விழவில்லை, நான் கவனித்துக் கேட்டேன், விழவில்லை. அவர் சாவியை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மறுபடி பொக்கெற்றுக்குள் போட்டார்.

“காரை எடும்.”

“எங்கை?”

“எங்கயாவது.”

காரை ஓட்டினேன். பார்த்துவிட்டு வந்த தெருக்களே மறுபடி மறுபடி வந்தன. எல்லாச் சன்னலும் மூடி. தாள் அவர் மடியில் இருந்தது. “பாத்தாச்சு எண்டு போடும்” என்றார், பேனையை என்னிடம் நீட்டி. அந்த வருடம் முறைப்படி முழுதாக முடிந்த வருகை அது ஒன்றுதான். கேட்டதெல்லாம் கிடைத்தது. கதவு திறந்தது, தண்ணீர் தந்தார்கள், ஆமென் சொன்னார்கள்.

“ஐசே” என்றார் பிறகு. “நான் இப்ப வீட்டை போனா, ஆருக்கு அவ கதவு திறப்பா?”

தன் வீட்டுக்குக் கிட்ட இறக்கிவிடச் சொன்னார். போகும்போது கார்க் கண்ணாடியில் பார்த்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. தன் வீட்டுப் படலைக்கு முன் நின்று, இலக்கம் சரியா என்று பார்க்கிற ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம், மாதத்தின் முதல் ஞாயிறு. வழக்கமான அமைதி விழுந்தது. வயிறுகள் இரைந்தன. மணிக்கூடு நகர்ந்தது. அவர் எழும்பவில்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் எல்லோரும் இத்தனை மாதமும் அவர் ஒருவருடைய வாயால்தான் நம்பிக்கொண்டிருந்தோம். நான் எழும்பியிருக்கலாம். என் முழங்கால் அசையவும் செய்தது. ஆனால் வாய்க்குள் தேடிப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. கூட்டத்தை நேரத்தோடு முடித்தார்கள். அதன்பிறகு அவர் வரவில்லை.

புதிய பட்டியலில் என் பெயர் மட்டும். சோடிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். கடைசி விலாசம் மாறவில்லை. நான் மற்ற வீடுகளை விட்டுவிட்டு முதலில் அங்கேதான் போனேன். சபைக்காக அல்ல. அவர் அன்றைக்கு உள்ளே போனாரா இல்லையா, அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். வேலையிடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம்தான். இப்படியான கேள்வியைப் போனில் எப்படிக் கேட்பது?

தட்டினேன்.

வானொலி அடங்கியது. கதிரைக் கால் அரைபட்டுப் பாதியில் நின்றது. கதவின் கடிதத் துவாரம் என் இடுப்புக்கு நேரே இருந்தது. அதன் வழியாக ஒரு வாசம் வந்தது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு காலமாகிவிட்டது. தேத்தண்ணி. இஞ்சி தட்டிப் போட்ட கடுஞ்சாயம். என் வாய் ஊறியது.

உள்ளே, குசினிப் பக்கமாக, கோப்பைக்குள் ஒரு கரண்டி சுற்றிக்கொண்டிருந்து, சட்டென்று நின்றது. ஒரு நொடி கழித்து, அவ்வளவு கவனமில்லாத இன்னொரு கரண்டி, கோப்பை விளிம்பில் தட்டுப்பட்டு நின்றது. பெரிய கையில் இருக்கும் கரண்டி. “ஸ்ஸ்” என்று ஒரு பெண் குரல். பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லைக்கு முன் நான் நின்றேன். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் இரண்டு பேர், மூன்று பேரும் ஆடாமல் அசையாமல். அக்கா என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் திறந்திருப்பார்கள், எனக்கும் ஒரு கோப்பை வந்திருக்கும். கொடுக்கவில்லை.

காரில் உட்கார்ந்து தாளை ஸ்டியரிங்கில் வைத்தேன். அவர் வீட்டுக்கு நேரே, அவர் என்னை ஒருபோதும் எழுத விடாததை எழுதினேன்: வீட்டில் ஆள் இல்லை.

பட்டியலில் இன்னும் ஐந்து வீடுகள் மிச்சம் இருந்தன. நான் என் அறைக்குத் திரும்பிப் போய், கதவைச் சாத்தி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை முடியும்வரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.