பத்துக்குக் கீழே இருந்த கால்

"பனங்கிழங்கு வித்துப் படிச்ச பிள்ளைக்கு வருத்தம் பாக்கத் தெரியுமோ?"

நெடுந்தீவில் நான் தாதியாக இருந்த முதல் வருடம் ஒரு பெரிய வீட்டுக்காரர் கேட்டது இது. அம்மா பனங்கிழங்கு விற்றுத்தான் என்னைப் படிப்பித்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது அவருடைய தம்பியின் மனைவி. கலவரத்தில் எரிந்த கடையைத் திருத்தத் தம்பி தெற்கே போயிருந்தார். வேலியில் இருந்த, அரம்போல் பல்லுள்ள பனங்கருக்குமட்டை அவவின் கெண்டைக்காலைக் கீறியிருந்தது. சின்னக் கீறல்தான். அதன்மேல் முழங்காலுக்குக் கீழ் முழுவதும் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரி கொடுத்த பச்சிலைப் பத்து கறுப்பாக அப்பியிருந்தது.

காலையில் டொக்டர் ஊசிமருந்து எழுதி, பத்தைக் கழுவச் சொல்லிவிட்டு வெளிநோயாளரைப் பார்க்கப் போனார். அவவின் மைத்துனரான அந்தப் பெரிய வீட்டுக்காரர் மறித்தார். பத்து தானாகக் காய்ந்து உதிர வேண்டுமாம். முன்னரே கழுவினால் விஷம் உள்ளே இறங்குமாம். அவ முனகியபோது, கருக்குக் கீறினதுக்கு இவ்வளவு ஆய்க்கினையோ என்று சிரித்தார்.

எனக்கு அந்த முனகல்தான் பயமாக இருந்தது. காயத்தைவிட வலி பல மடங்கு பெரிதாக இருந்தால் சதை உள்ளே அழுகத் தொடங்கியிருக்கலாம் என்று படித்திருந்தேன். பத்தின் விளிம்புக்கு மேலே சிவப்பு நின்ற இடத்தில் பேனையால் கோடு போட்டேன். மத்தியானக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, சிவப்பு கோட்டைத் தாண்டித் தொடைக்கு ஏறியிருந்தது.

டொக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, மைத்துனரை வெளியே நிற்கச் சொல்லிக் கழுவினேன். உள்ளே ஊதா நிறத் தோல், கருநீர்க் கொப்புளங்கள். அழுத்தினேன். அவவுக்கு அந்த இடத்தில் உணர்வே இல்லை.

டொக்டர் பார்த்த உடனேயே சொன்னார், மருந்து மட்டும் காணாது, செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும், யாழ்ப்பாணம் கொண்டுபோங்கள் என்று. தம்பிக்குத் தந்தி அடித்துச் சம்மதம் வர வேண்டும் என்றார் மைத்துனர். கால் அவவுடையது. அவவிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் குனிந்து கேட்டேன்.

"அக்கா, போவமோ?"

"ஓம் பிள்ளை. கொண்டுபோ."

வள்ளத்தில் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போனேன். உயிர் தப்பியது. கால் தொடையோடு போனது.

"பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காலை வெட்டுவிச்சவள் இவள்தான்" என்று மைத்துனர் ஊரெல்லாம் சொன்னார். காலையிலேயே கழுவியிருந்தால் அந்தக் கால் இருந்திருக்கலாம். அவர் அன்று காலை முழுவதும் கட்டிலடியில் கதிரை போட்டுக் காவல் இருந்தது நோய்க்கு.

இப்போது வார்ட் வாசலில் ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருக்கிறேன். நேற்று ஒரு கிழவர் கணுக்காலில் பத்தோடு வந்தார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிழவரிடம் மட்டும் கேட்டேன். அவர் தலையசைத்தார். மகன் பேசி முடிக்கும் முன்பே பாதி கழுவிவிட்டேன்.