சர்க்கரை போடாத தம்ளர்

“கூடவே சர்க்கரையும் இருந்தால்தான் உப்பு, குடல் செல்லின் சவ்வைச் சுலபமாகத் தாண்டும். தண்ணீரும் பின்னாலேயே போகும்” என்று டியூஷன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே தம்ளரில் கரண்டியைச் சுழற்றினேன். அந்தச் சத்தம் என்னைப் பழைய செய்யூர் வீட்டுக்கு இழுத்துப் போனது.

பேதியில் இரண்டு வயதுத் தங்கை கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் நர்சம்மா. அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்தாள், உடனே மூடிவிட்டாள்.

“சக்கர போட்டா இன்னும் ஜாஸ்தியா போவும்டீ.”

வெறும் உப்புத் தண்ணீரையே நாளெல்லாம் புகட்டினாள். மறுநாள் தங்கை இல்லை.

கரண்டியை நிறுத்தி நிமிர்ந்தேன். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். பாடத்தைக் கேட்டிருக்கிறாள்.

“அப்ப, சக்கர போட்டிருந்தா பாப்பா பொழச்சிருக்குமா?”

பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: “இல்லம்மா, அது வேற சீக்கு.”