மூன்று லீவர்களின் உயரம்

பட்டறையில் அவருக்குக் கேஜ், அதாவது அளவுகோல், என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பழைய கார்களின் கிளட்ச்சில், பிரஷர் பிளேட்டின் நடுவே மூன்று லீவர்கள் வட்டமாக நிற்கும். மூன்றும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் தூக்கியிருந்தாலும் பிளேட் ஒரு பக்கம் முதலில் பிடிக்கும், மறுபக்கம் பின்னால் பிடிக்கும். வண்டி கிளம்பும்போது உதறும். மற்ற மெக்கானிக்குகள் மேலே ஓர் இரும்புப் பட்டையை வைத்து, இடைவெளியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, எந்தத் தகடு இறுக்கமாக உரசி வருகிறது என்று அளப்பார்கள். அவர் ஆள்காட்டி விரலை மூன்றின் மேலும் ஒருமுறை ஓட்டுவார். "ரெண்டாவது தூக்கல்" என்பார். அளந்து பார்த்தால் தூக்கலாகத்தான் இருக்கும்.

அவரைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பாதி மிகை. கண்ணைக் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார் என்பதெல்லாம் டீ நேரத்தில் வளர்ந்த கதை. வயரிங் அவருக்கு வராது. பிரேக் வேலையில் சுமார்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருடமாக யாரும் அவரிடம் தப்புக் கண்டுபிடித்ததில்லை. ஒரு மனிதன் தன்னை மதித்துக்கொள்ள அவ்வளவு போதும் போலிருக்கிறது. அவருக்குப் போதுமாக இருந்தது.

பல் டாக்டரின் கார் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது.

அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி. புது கிளட்ச் பிளேட் போட்டு அனுப்பிய மறுநாளே உதறல். முதல் கியரில் காலை எடுத்தால் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடும். பத்தடி போனதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ரிவர்ஸில் இன்னும் மோசம். முதல் தடவை வந்தபோது எஞ்சின் மவுண்டிங் ரப்பரை மாற்றினார். இரண்டாம் தடவை, ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கலாம் என்று ரப்பர் சீலை மாற்றி, பிளேட்டையும் புதிதாகப் போட்டு, பிளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கி வாங்கினார். கிளட்ச்சைப் பூட்டிய இரண்டு தடவையும் லீவர்களின் மேல் விரலை ஓட்டினார். இரண்டு தடவையும் "சரி" என்றார்.

"முன் சீட்டுல உக்கார்ந்தா என் பொண்டாட்டிக்கே பல்லு ஆடுது. வீட்டுக்குள்ளயே எனக்கு பேஷண்ட் வேணாம்யா" என்றார் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். கேஜும் சிரித்தார். ஆனால் உதறலுக்கான காரணங்களில் இன்னும் அவர் சந்தேகப்படாதது ஒன்றுதான் பாக்கி. அது என்ன என்று அவருக்குத் தெரியும்.

சர்க்கரை நோய் முதலில் பாதத்தில் காட்டியது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போனார். பிறகு விரல் நுனிகள். துணி சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் தொடுவது போல இருந்தது. ஒன்றரை வருடமாக அவர் விரலை ஓட்டியது வெறும் பழக்கம். லீவரின் உயரத்தை மாற்றும் நட்டின் மேல் எத்தனை மரை தெரிகிறது என்று கண்ணால் எண்ணி, குத்துமதிப்பாக வைத்துவிட்டு, கடைசியில் சாங்கியத்துக்கு விரலை ஓட்டினார். தகடு வைத்து அளந்திருக்கலாம். ஆனால் அவர் கையில் அளவுத் தகட்டைப் பார்த்த நிமிஷமே பட்டறைக்கு விஷயம் தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தார்.

காலையில் மனைவிதான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். பட்டறை அவளுடைய அண்ணனுடையது.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா? வண்டி கழுவுற இடத்துல தண்ணிக் குழாயைப் புடிச்சிட்டு நிக்கவா?"

"அதையாவது புடிக்கத் தெரியுமான்னு பாருங்க. நேத்து டம்ளரைக் கீழ போட்டீங்க."

"அது வழுக்கிச்சு."

"ஆமா, ஒரு வருஷமா எல்லாமே வழுக்குது" என்று கழுத்துப் பொத்தானை இறுக்கிப் பூட்டினாள்.

அன்று எஞ்சின் மறுபடி வெளியே வந்து ஸ்டாண்டில் நின்றது. மைத்துனர் வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, இந்தக் கார் நம்ம வீட்டுலயே பொண்ணு எடுத்துடுச்சா? போகவே மாட்டேங்குது."

"இன்னிக்கு முடிச்சிடுறேன் மச்சான்."

"நீ சொன்னா சரிதான்" என்று போய்விட்டார். அந்தச் சொல் கேஜை வதைத்தது. மைத்துனர் ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பிரேக் வேலை பார்ப்பவரின் பெட்டியைத் திறந்து அளவுத் தகடுகளை எடுத்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை. லீவர்களுக்கு மேலே குறுக்காக இரும்புப் பட்டையை வைத்து, ஒரு தகட்டை விரித்துச் செருகினார். அப்போதுதான் உறைத்தது. தகடு உரசுகிறதா, சும்மா போகிறதா என்று சொல்ல வேண்டியதும் அதே விரல் நுனிதான். அவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் தகடு வளைந்தது. வேறு தகடு எடுத்தார். அதுவும் அப்படியே. கட்டைவிரலால் பிடித்தார், இடது கைக்கு மாற்றினார், கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். எந்த நுனியிலிருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

தரையில் உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு குனிந்து, தகட்டின் மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

தலையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினார். முதல் லீவரில் ஒன்றுமில்லை, காற்றில் போவது போலப் போனது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதில் கிரீச்சென்ற ஒரு கூச்சம் பல் வழியாகக் காதுவரை ஏறியது. அவருடைய உடம்பில் இன்னும் ஓர் இடம் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது. தகடுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சேர்த்துக் கடித்துப் பார்த்தார். இரண்டாவது லீவர் முக்கால் மில்லிமீட்டர் தூக்கல். யாராவது புதிதாக வேலைக்கு வந்தவன் செய்திருந்தால் இவரே நாள் முழுக்கத் திட்டியிருப்பார்.

"பல்லு என் டிபார்ட்மெண்ட் ஆச்சே? நீங்க எங்க உள்ள பூந்தீங்க?"

வாசலில் டாக்டர். மதியம் கிளினிக் மூடியிருக்கும் நேரம், வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்தார். கேஜால் பதில் சொல்ல முடியவில்லை; வாயில் இரும்பு. டாக்டர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். சிரிப்பு நின்றது.

"கையை எங்க கிழிச்சீங்க?"

கேஜ் தகட்டை எடுத்தார். "எந்தக் கை?"

பிரஷர் பிளேட்டின் மேல் ரத்தம் சொட்டியிருந்தது. டாக்டர் அவருடைய கையைத் திருப்பி, பேனா முனையால் விரல் நுனிகளைத் தொட்டார்.

"கண்ணை மூடுங்க. இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"தொட்டீங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன். ஞாபகம் வந்தா."

"இது பழையபடி வரும்னு நான் சொல்ல மாட்டேன். மேல ஏறாம பாத்துக்கலாம். அதுக்கும் நீங்க ஒழுங்கா இருக்கணும்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டாக்டர். கால்ல வேணாலும் விழறேன்."

"என் கால்ல விழுந்து என்ன ஆகப் போகுது? நான் சொல்லல. மொதல்ல அந்தக் கையைக் கழுவுங்க."

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரத்தத்தைத் துடைத்து, நட்டைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று திருப்பி, ஒவ்வொரு தடவையும் பல்லில் கடித்துப் பார்த்தார். டாக்டர் டார்ச்சைப் பிடித்தார். மற்றவர்கள் திரும்பியபோது மூன்று லீவர்களும் ஒரே உயரத்தில் நின்றன.

எஞ்சினை ஏற்றிப் பூட்ட மறுநாள் மதியமாயிற்று. டாக்டரே ஓட்டினார். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினார், ரிவர்ஸில் எடுத்தார். வழுக்கிக்கொண்டு போவது போலப் போனது. ஒரு கண்ணாடியும் அசையவில்லை. "கேஜுன்னா கேஜுதான்!" என்று பிரேக்காரர் முதுகில் தட்டினார். மைத்துனர் எல்லோருக்கும் டீ சொன்னார். கேஜ் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தால் விழுமோ என்று இருந்தது. தப்பு வெளியே தெரியாமல் போய்விட்டது. இப்படியே விட்டுவிடலாம். அடுத்த வண்டிக்கும் மதியம்வரை காத்திருந்து பல்லைக் காட்டலாம்.

"மச்சான், கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

ஆபீஸ் அறையில் கேஜ் எல்லாவற்றையும் சொன்னார். மைத்துனர் நின்றுகொண்டே கேட்டார். கத்தவில்லை.

"எத்தன நாளா?"

"ஒன்றரை வருஷம்."

மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனதுக்குள் வண்டிகளை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"அந்த பிரெட் வேன்?"

"நான்தான்."

"மஞ்சக் கார்?"

"நான்தான் மச்சான்."

"அந்த மஞ்சக் கார்க்காரர் நாலு மாசம் முன்னால வந்து உதறுதுன்னாரு, மாப்ள. உங்களுக்குக் கிளட்ச் விடத் தெரியல, வயசாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ கை வெச்சா அது சரியாத்தான் இருக்கும்னு..." என்றபடி தொலைபேசியை எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மஞ்சள் கார் வந்தது. கேட்டில் திரும்பும்போதே உதறல் கேட்டது. ஓட்டி வந்தது கார்க்காரரின் மகன். பெரியவர் பக்கத்து சீட்டில் இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கி நேராகக் கேஜிடம் வந்தார்.

"நீங்களே பாருங்க தம்பி, வேற யாரும் தொட வேணாம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன், நின்னுட்டு வர்றவங்க ஒருத்தர்கூட தடுமாறினதில்ல. இங்க வந்து கேட்டப்போ என் கால்ல பதம் போயிடுச்சுன்னாங்க. சரி, இருக்கும்னு நெனச்சேன். சாவியைப் பையன்கிட்ட குடுத்துட்டேன். அப்புறம் ஸ்டியரிங் பக்கமே போகல."

பிரேக்காரர் குனிந்து ஸ்பேனரைத் தேடுவது போல நின்றார். மைத்துனர் ஆபீஸ் வாசலைவிட்டு அசையவில்லை.

"உங்க கால்ல ஒண்ணும் இல்ல சார்" என்றார் கேஜ். "நான் தப்பா வெச்சது. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. தெரிஞ்சேதான் வெச்சேன்."

பெரியவர் அவருடைய கையைப் பார்த்தார். பிறகு தன் வலது பாதத்தை, பிறகு இடது பாதத்தை. ஏதோ பெரிதாகச் சொல்ல வருவது போல வாயைத் திறந்தார்.

"நாலு மாசம்யா" என்றார்.