சர்ச் வாசலில் பொங்கல் பானை

நம்பிக்கையும் பண்பாடும் பற்றிக் கிறிஸ்தவப் பத்திரிகைகளில் நிறைய எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் பொங்கல் குக்கரில்தான் வேகிறது என்று மட்டும் எழுதியதில்லை.

திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கும் எங்கள் சர்ச் வாசலில், தை முதல் நாள் பானை வைத்துப் பொங்க வேண்டும் என்று முன்மொழிந்தவன் நான்தான். கமிட்டி சம்மதித்தது. எதிர்த்தவர் ஒருவரே: என் தாய்மாமா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். காய்ச்சலிலும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்.

"அடுப்பு மூட்டுனா நா சர்ச்சுக்கு வரமாட்டேன்" என்றார்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணன இட்டுகினு வா. இல்லாங்காட்டி அந்தப் பானைய ஒடச்சிப் போடு."

சூரிய வழிபாடு, விக்கிரகத்துக்குப் படைத்தது என்றெல்லாம் மாமா கேட்பார் என எண்ணி, வசனங்களோடு தயாராகப் போனேன். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சூரியன வுடுடா. எங்க நைனா அறுத்த நெல்லு யாரோடது? பொங்க அன்னிக்கி ஆண்டை வூட்டுப் பின்னாடி துண்ட விரிச்சி நின்னுதான் சோறு வாங்குனாரு. அவங்க பண்டிகைய நாம சர்ச்சுக்கு இட்டாரணுமா?"

 அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தவர்களைக் கண்டிக்கும் வசனம் திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் அவர் கட்சிக்குத்தான் சாதகம்.

பொங்கலன்று மாமா வந்தார்; ஆனால் கேட்டுக்கு வெளியே, சாலையிலேயே நின்றுகொண்டார். அடுப்பு மூட்டியதும் போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். நீண்ட ஜெபம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். தொழில் பழக்கத்தில் நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன். பால் ஏறியது, விளிம்பைத் தொட்டது, வழிந்தது. அடுப்பு புஸ்ஸென்றது. ஆமென் சொல்வதற்கு முன் வாய் திறந்து எங்களுக்குப் பழக்கமில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கேட்டிலிருந்து சத்தம் வந்தது: "டேய்! பொங்குதுடா! இன்னா வேடிக்க பாத்துகினு கீற? கத்துடா!"

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினேன். போதகர் திடுக்கிட்டு ஆமென் என்றார்.

மாமா உள்ளே வந்து விறகை இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாற்காலி எட்தா. நா ஒக்காந்துதான் துன்வேன்."

முதல் பெஞ்சுக்கு அருகில் இருந்த கைப்பிடி நாற்காலியைத் தூக்கி வந்தேன். அம்மா தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டு மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிபுடிச்சிக்கீது. அதயும் சேத்து பத்திரிகைல எய்து."