சைக்கிளுக்கு ஒரு மண்டலம்

காலை எட்டு நாற்பதுக்கு மகள் சைக்கிள் பூட்டைத் திறக்காமல் நின்று, "இன்னிக்கு வேணாம்ப்பா, தலை கனமா இருக்கு" என்றாள். நான் சரி என்றிருக்க வேண்டும். "மண்டலம் உடைஞ்சிடும்மா" என்றேன்.

அந்தச் சொல்லைப் பிடித்து வந்ததும் நான்தான். கோயிலில் விளக்குப் போட நேர்ந்துகொண்டால் நாற்பத்தெட்டு நாள். நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. என்னுடைய சர்க்கரைக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மாடம்பாக்கத்தில் மே மாதம் விடியும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், நான் தனியாகப் போனால் நான்காம் நாள் நின்றுவிடுவேன். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகளைத் துணைக்கு இழுத்தேன். வியாதி எனக்கு, விரதம் அவளுக்கு.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் தினமும், "இன்னா சார், பெட்ரோல் பங்க்கை மூடிட்டாங்களா?" என்பார். மகள் சிரிப்பாள். நான் படம் எடுத்து அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் போடுவேன்: இருபதாம் நாள், இருபத்தைந்தாம் நாள். கை தட்டும் பொம்மைகள் வரிசையாக வரும். அதற்காகவும்தான் ஓட்டினேன்.

முப்பத்தொன்றாம் நாளுக்கு முந்தைய இரவு மின்சாரம் இல்லை. தூங்காமல் புரண்டதில் வழக்கமான ஐந்தரைக்கு எழ முடியவில்லை. மனைவி வழக்கம்போல் ஏழரைக்கே கிண்டி அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவள் இருந்திருந்தால் எட்டு நாற்பதுக்கு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள்.

அகரம்தென் வரை போய்த் திரும்பினோம். கடல்காற்று உள்ளே வராத நேரம். இலை அசையவில்லை. திரும்பும்போது பாதி வழியில் மகள் தண்ணீர் கேட்டாள். என் வீட்டில் என்னை வளர்த்த விதத்திலேயே சொன்னேன்: "வேர்வை அடங்கட்டும், சளி பிடிச்சிக்கும்." இன்னும் கொஞ்ச தூரத்தில் ஓர் இளநீர்க் கடை. அதன் நிழலில் அவள் இறங்கி உட்கார்ந்தாள். நான் படம் எடுக்க போனைத் திறந்தேன்.

"இது எந்த ஊருப்பா?" என்றாள்.

நான் சிரித்தேன். கிண்டல் என்று நினைத்தேன். அவள் நெற்றி உலர்ந்திருந்தது. வேர்வை அடங்கிவிட்டதே என்று திருப்தியோடு பாட்டிலை நீட்டினேன். அவள் கை அதைப் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் சரிந்தாள்.

கடைக்கார அக்கா கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "யோவ், பொண்ணு நெருப்பா கொதிக்குது, நீ இன்னா போனை நோண்டினு கீற? ஆட்டோவை நிறுத்துய்யா!" கடையிலிருந்த குடத்துத் தண்ணீர் முழுவதையும் மகளின் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். நான் நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

மருத்துவமனையில் அக்குளில் ஐஸ் வைத்து, கையில் டிரிப் ஏற்றினார்கள். டாக்டர், "வெயில் தாக்கினா வேர்வை நின்னுடும், எவ்வளவு நேரமா வேர்க்கலை?" என்று கேட்டார். மகள் தும்மினால்கூட எழுந்து உட்காருகிற நான் அதைக் கவனித்திருந்தேன். நல்லதென்று நினைத்துக் கவனித்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அதற்குள் வாட்ஸப்பில் யாரோ கேட்டிருந்தார்: "சார், இன்னிக்கு போட்டோ எங்க?"

இப்போது மகள் நன்றாக இருக்கிறாள். நான்தான் குளியலறையில் அவள் சத்தம் கேட்காவிட்டால் கதவைத் தட்டுகிறேன். அன்றைக்கு நடந்ததை இதுவரை அவளிடம் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மனைவி மருத்துவமனைக்கு வந்தாள், தாம்பரத்தில் ரயில் இறங்கி, கழுத்தில் அலுவலக அட்டையோடு. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மகளின் ஈர முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. அவ கண்ணைத் திறக்கறப்ப நான் மட்டும் இருந்தா போதும்."